ஆட்டுக்குட்டி வைத்த பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு நூற்றுப் பதினோராம் பக்கம் வரை வந்துவிட்டேன். அந்தப் பெண் இன்னும் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சலவைக் கடையில் வேலை பார்க்கிறாள். அவன் செத்துப்போன தன் அண்ணனுடைய சட்டைகளைக் கொண்டுவந்து போடுகிறான். அது யார் சட்டை என்று தெரியாமலே நாற்பது பக்கமாக இவள் இஸ்திரி போடுகிறாள். காலரைக் கடைசியில் தேய்க்கிறாளாம்! காலரைத்தான் முதலில் தேய்ப்பார்கள். முப்பத்தோரு வருஷம் தையல் கம்பெனியில் காலர் வைத்தவள் சொல்கிறேன், இதை எழுதின ஆள் ஒரு சட்டையைக்கூடத் தேய்த்ததில்லை.

ஆனாலும் புத்தகத்தை மூட மனசு வரவில்லை.

என் பேத்தி வாலுதான் பள்ளி நூலகத்திலிருந்து இந்த மாதிரிக் காதல் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வருவாள். பதினேழு வயசு. இந்த நோட்டும் அவள் கொடுத்ததுதான். "மனசுல பட்டதை எழுதி வை பாட்டி, ஞாயித்துக்கிழமை பேசலாம்." நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு பக்கம் படிக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நகர்கிறது.

நாளைக்கு என் தங்கை வருகிறாள். முழங்காலில் ஆபரேஷன். மூன்று மாதம் இருப்பாளாம். ஜன்னல் பக்கக் கட்டிலை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். மருமகள் சொல்லிவிட்டாள். ஆகட்டும்.

மார்ச் 6, வியாழன்

டீச்சர் வந்தாச்சு. ரிடையராகிப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் எல்லாருக்கும் டீச்சர்தான். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், குத்தலாக. அவளுக்கு அது குத்துவதே இல்லை.

பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம். எல்லாம் மனக்காயத்தைக் கர்த்தர் எப்படி ஆற்றுவார் என்கிற புத்தகம். நீல அட்டை போட்டதை நான் புரட்டிப் பார்த்தேன். பின் அட்டையில் பாஸ்டர் சிரிக்கிறார். அத்தனை பல்லையும் பார்த்தால் காயம் பட்ட ஆளாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே கேள்வி கேட்டு, எழுதுவதற்கு ரெண்டு கோடு போட்டு விட்டிருக்கிறார். "உங்களைக் காயப்படுத்தியவர்கள் யார்?"

எனக்கு ரெண்டு கோடு எப்படிப் போதும்?

முதல் ஆள் டீச்சர். எனக்கு எட்டு வயசு. புதன்கிழமை, மழை. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா ஈரக் குடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். "பாப்பாவைப் பார்த்துக்க ஆள் இல்ல, பையை எடுத்துக்கிட்டு வா." ஏழெட்டு ஐம்பத்தாறோடு எழுந்து போனேன். அதற்கப்புறம் அந்த வகுப்பில் நான் உட்காரவில்லை. இடுப்பில் வைத்து நான் தூக்கி வளர்த்த பாப்பா டீச்சர் ஆனாள்.

மார்ச் 9, ஞாயிறு

"சின்னப் பாட்டியும் இதையே படிக்கட்டும், மூணு பேரும் பேசலாம்" என்று வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள் வாலு. இருப்பதோ ஒரே புத்தகம். என் பக்கத்துக்கு அடையாளம், காலருக்குள்ளே வைக்கிற கெட்டித் துணித் துண்டு. டீச்சருக்கு, அவள் சபையில் கொடுத்த அட்டை. ஆட்டுக்குட்டிப் படம் போட்டது.

மூன்று நாளில் தொண்ணூற்றாறு பக்கம் முடித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் இன்றைக்கு என்னமாய்ப் பேசினாள்! "அந்தப் பையன் பேசாம இருக்கான் பாரு, அதுதான் அவன் அழுகை."

வாலு வாயைப் பிளந்துவிட்டாள். "ஐயோ சின்னப் பாட்டி, சூப்பர்!"

நான் காலர் விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு பேரும் சிரித்தார்கள். "பாட்டி, நீ இன்னும் காலரை விடலையா?" என்றாள் வாலு.

போன வாரம் இதையே சொன்னபோது "கரெக்ட் பாட்டி" என்று என் கன்னத்தைக் கிள்ளினவள்.

மார்ச் 11, செவ்வாய்

நான் நூற்று ஐம்பத்து மூன்று. அவள் நூற்று ஐம்பது. நாளைக்குத் தாண்டிவிடுவாள்.

மார்ச் 12, புதன்

பதினோரு மணிக்கு அவளுக்குக் கால் பயிற்சி சொல்லித்தருகிற பெண் வருவாள். அரை மணி நேரம் ஹாலில் "ஐயோ, அம்மா" என்று சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் ஆட்டுக்குட்டியை இருபது பக்கம் பின்னால் ஓட்டி வைத்தேன்.

வேறொன்றும் செய்யவில்லை. அட்டையைத்தானே நகர்த்தினேன்.

மார்ச் 14, வெள்ளி

"இது படிச்ச மாதிரியே இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கங்களைத் தள்ளி, தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பின்னால் ஓட்டிப் பிரயோஜனமில்லை. இன்றைக்கு முன்னால் ஓட்டினேன். இருபத்திரண்டு பக்கம். பாலத்தில் நடக்கிற சண்டை முழுக்க அதற்குள் போய்விட்டது. அந்த இடத்தை மட்டும் நான் முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

"பாலத்துல நடந்த சண்டை எப்படி இருந்துச்சு சின்னப் பாட்டி?"

"எந்தச் சண்டைம்மா?"

"அவன் அண்ணன் சட்டைன்னு அவளுக்குத் தெரியவருதே! அவ அந்தச் சட்டையைத் தூக்கி அவன் மேலயே வீசுறாளே!"

டீச்சர் முழித்தாள். நான் ஆரம்பித்தேன். அவன் என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள், சட்டையில் எத்தனாவது பொத்தான் அறுந்தது — மூன்றாவது — பக்கத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரி ஒப்பித்தேன். "பாட்டிக்கு என்ன ஞாபகம்டா சாமி!" என்று வாலு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இன்றைக்குச் சோறு ருசித்தது.

டீச்சர் மட்டும் பாதியில் எழுந்துவிட்டாள். கால் வலியாம்.

மார்ச் 18, செவ்வாய்

"இன்னைக்கு என்ன கிழமைக்கா?" என்று கேட்டாள். செவ்வாய் என்றேன். "எனக்கும் தெரியும், சும்மா கேட்டேன்." அரை மணி கழித்து மறுபடியும் கேட்டாள்.

நேற்றும் நகர்த்தினேன். எழுதி வைக்கிறேன், நேற்றும்தான்.

அந்த அட்டையைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லையே. நானாயிருந்தால் முதல் நாளே வீட்டில் இருக்கிற எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

மருமகள் சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "சின்ன அத்தைக்கு மறதி வருதோன்னு இருக்கு அத்தை. அவங்களே வந்து சொல்லி அழுதாங்க. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததையே தேய்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. கடைசி மூன்று வருஷம் நான்தான் பார்த்தேன். நான் ஊட்டிவிட, என் முகத்தைப் பார்த்தே "டீச்சர் எப்ப வருவா?" என்பாள். அந்தக் கோபமும் எனக்கு டீச்சர் மேல்தான். ஆனால் டீச்சருக்கு அதே நோய் வரட்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்தேனா? இல்லை.

மார்ச் 21, வெள்ளி

கால் பயிற்சி நேரத்தில் நீல அட்டைப் புத்தகத்தை எடுத்தேன். அவள் பென்சிலில் எழுதியிருக்கிறாள். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் எடுத்தேன், வேறெதற்கு?

உங்களைக் காயப்படுத்தியவர்கள் யார்? ஒரு ஹெட்மாஸ்டர். ஒரு நாத்தனார். நான் இல்லை.

நீங்கள் யாரைக் காயப்படுத்தினீர்கள்? அவள் அடித்த ரெண்டு மாணவர்கள். அங்கேயும் நான் இல்லை!

அறுபத்தெட்டு வருஷமாக அவள் மேல் வன்மம் வைத்திருக்கிறேன். அவள் கணக்கில் நான் ஒரு கோட்டுக்குக்கூட வரவில்லை. பக்கங்களைச் சடசடவென்று தள்ளினேன். கோபத்தில்தான்.

அப்புறம் ஒன்பதாம் பாடம். ஸ்கேல் இல்லாமல் விரலை வைத்துப் படித்தேன். உங்கள் பயம் என்ன? "அம்மா மாதிரி ஆகிவிடுவது." அந்த நேரத்தில் யாரைப் பற்றிக்கொள்வீர்கள்? "கர்த்தரை. அடுத்து அக்காவை. அவளுக்கு எதுவும் மறக்காது. நான் மறந்தால் அவளிடம் கேட்டுக்கொள்வேன்."

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். சொன்னால் வாலு என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். இந்த வயசில் எனக்கென்று இருக்கிறது அந்த ஒரு பார்வைதான்.

மார்ச் 24, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பச்சை நாற்காலி வரிசை. டீச்சர், நான், வாலு. டீச்சர் உள்ளங்கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்: தேதி, கிழமை, மாதம், வீட்டுக் கதவு எண்.

பரீட்சையில் பிட் வைத்த பிள்ளைகளை முட்டி போட வைத்த டீச்சர்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அடியே, அந்த ஆட்டுக்குட்டியை நகர்த்தினது நான்தாண்டி."

"எந்த ஆட்டுக்குட்டி?"

"புத்தகத்துல வைக்கிறியே, உன் அட்டை. முன்னாலயும் பின்னாலயும் மாத்தி மாத்தி வச்சேன். உனக்கு ஒண்ணும் இல்லடி. நான்தான்."

வாலு எழுந்து நின்றுவிட்டாள். டீச்சர் என்னையே பார்த்தாள். "எதுக்குக்கா?"

"உன்னாலதான் எனக்குப் பள்ளிக்கூடம் போச்சு" என்றேன். எதிர் நாற்காலிக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

"எனக்கு அப்ப எட்டு மாசம்க்கா! நான் என்ன பண்ணினேன்?"

"பல்லு முளைச்சு ஓயாம அழுதே."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "பத்து நாளா நான் தூங்கலைக்கா" என்று மட்டும் சொன்னாள். நர்ஸ் எண்ணைக் கூப்பிட்டாள். கைக்குட்டையில் எச்சில் தொட்டு உள்ளங்கையை அழித்துக்கொண்டே தனியாக உள்ளே போனாள்.

பரிசோதித்துவிட்டு, இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றாராம் டாக்டர். எதற்கும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 30, ஞாயிறு

மேசையில் பேச்சு இல்லை. வாலு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இது விளையாட்டு இல்ல பாட்டி."

ஏப்ரல் 4, வெள்ளி

தனியாகவே படித்து முடித்தேன். கடைசியில் மழையில் நின்றுகொண்டு அவன் அவளை மன்னிக்கிறான். ஒரே பக்கத்தில்! சுத்தப் பொய். நீல அட்டைப் பாஸ்டராவது ஏழு படி வைத்திருக்கிறார். டீச்சர் எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரியவில்லை. தண்ணீர் கேட்டால் கொடுக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

வன்மம் வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதை வாங்குகிற பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

டீச்சர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு வரை அவளே எழுதியிருந்தாள்; நான் எந்த இடத்தில் எழுந்து போனேன் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. "மீதியை நீ எழுது. அதுக்கப்புறம் நான் அழுததைப் பத்திப் பேசக்கூடாது."

ஏழொன்பது அறுபத்து மூன்று. ஏழுபத்து எழுபது. கம்பெனியில் காலரை ஏழு ஏழாகக் கட்டும்போதே எனக்கு அது தெரியும். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சரி போட்டாள். சிவப்பு மையில்.

மே 4, ஞாயிறு

வாலு புதுப் புத்தகம் கொண்டுவந்தாள். விளக்குமாறு செய்கிற பட்டறையும் ஒரு பாட்டுக்காரப் பெண்ணும். "ரெண்டு பேரும் சண்டை போடாம படிங்க, இல்லேன்னா நூலகத்துல திருப்பிக் கொடுத்துடுவேன்" என்று எங்களை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மூன்று மாதம் என்று வந்தவள். போகிற பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இது நாலாவது புத்தகம். அட்டையை நான் தொடவில்லை. வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்வேன், மார்ச்சுக்கு அப்புறம் தொட்டதே இல்லை.

மத்தியானம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "இந்த ரொட்டிக் கடைப் பையன் யாருக்கா? திடீர்னு வந்து நிக்கிறான்?"

ரொட்டிக் கடைப் பையன் ஐந்தாம் பக்கத்திலிருந்து இருக்கிறான். இவன் நல்லவனா கெட்டவனா என்று முந்தாநாள்தான் வாலுவோடு அவ்வளவு நேரம் வாதாடினாள்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பச்சை நாற்காலியில் பார்த்திருக்கிறேன்.

"அக்கா... நீ மறுபடியும்...?"

"ஆமா" என்றேன். "நான்தான். நீ என்னை முந்திட்டே. பொறுக்கல."

கண்ணாடிக் கூட்டை எடுத்து என் மேல் வீசினாள். "பொறாமை பிடிச்சவளே! செத்தாலும் திருந்தமாட்டே!" என்ன திட்டு, என்ன சிரிப்பு! சாயங்காலம் வாலு வந்ததும் அவளிடமும் சொல்லிச் சிரித்தாள். வாலு என்னை முறைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முறைக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்ன டாக்டரிடம் வியாழக்கிழமை போகிறோம். நானும் கூடவே உள்ளே போவேன். அவள் காதில் விழாமல், இந்தத் தடவை நகர்த்தினது நான் இல்லை என்று அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

டீச்சர் நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறாள். கடைசியாகப் படித்தது, ரொட்டிக் கடைப் பையன் கதவைத் தட்டுகிற இடம். எழுதாவிட்டாலும் எனக்கு மறக்காது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.