ஈரமும் ஒரு காரணம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி லேட். சிங்கப்பெருமாள் கோவில் வரை நின்றுகொண்டே. குடையைக் காணோம்.

கோழித் தீவன மில்லில்: சோயா லாரி, ஈரப்பதம் அதிகம், திருப்பி அனுப்பச் சொன்னேன். இறக்கிவிட்டார்கள். நான் எதற்கு அங்கே?

தீவன மாதிரியின் லேப் முடிவு வந்தது. பைட்டேஸ் என்சைம் அநேகமாகச் செத்தே போயிருக்கிறது. சின்னவரிடம் (முதலாளி மகன், பிளான்ட் பொறுப்பு) மறுபடி பாடம் எடுத்தேன். சோளத்திலும் சோயாவிலும் பாஸ்பரஸ் இருந்தாலும் கோழியால் எடுத்துக்கொள்ள முடியாது, இந்த என்சைம்தான் பிரித்துக் கொடுக்கும், அதை நம்பித்தானே பாஸ்பரஸுக்காகப் போடும் டி.சி.பி. உப்பைக் குறைத்தோம், ஸ்டீம் சூடு ஏறினால் என்சைம் வெந்துவிடும் என்று.

"தீவனம் தூளா உதிருதுன்னு டீலருங்க கத்தறாங்க மேடம். அதான் ஸ்டீம் ஏத்துனேன். பெல்லட் இப்ப கல்லு மாதிரி நிக்குது பாருங்க."

ஏற்றுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயந்திரம் தேவகி அக்கா போன். கண்டிகைப் பக்கம் சொந்தப் பண்ணை. என் பேச்சைக் கேட்டு எங்கள் தீவனத்துக்கு மாறினவர். "டாக்டர்மா, குஞ்சுங்க குந்திகினே கீது. எழுந்துக்கவே மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாரும்மா."

நாளைக்கு வருகிறேன் என்றேன்.

நவம்பர் 5, புதன்

மழை. கம்பெனி ஜீப்பில் கண்டிகை. சின்னவரும் வந்து தொலைத்தார். வண்டலூர் ஜூ தாண்டி டிராஃபிக்கில் நிற்கும்போது, சாதாரணமாக: "டி.சி.பி. குறைச்ச ஃபார்முலா உங்களுது. கையெழுத்தும் உங்களுது. பார்த்துப் பேசுங்க."

ஷெட்டில் குஞ்சுகள் காலை மடக்கி உட்கார்ந்தபடியே தீவனத்தட்டுக்கு நகர்கின்றன. செத்த ஒன்றை அறுத்தேன். கால் எலும்பு 'படக்' என்று ஒடிய வேண்டும். ரப்பராக வளைந்தது. சந்தேகமே இல்லை, பாஸ்பரஸ் குறைவு.

சின்னவர் தரையில் கிடந்த உமியை ஷூவால் கிளறினார். "எவ்ளோ ஈரம் பாருங்க. இதான் காரணம்."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு கெடக்கட்டும். நீ சொல்லு டாக்டர்மா. இன்னாதான் இது?"

"ஈரமும் ஒரு காரணம்க்கா."

என் வாய்தான் சொன்னது. தீவனத்தை நிறுத்தி, தண்ணீரில் பாஸ்பரஸ் மருந்து கலந்தால் இன்றைக்குப் பாதியாவது எழுந்துவிடும். நுனி நாக்கு வரை வந்தது. சின்னவர் பக்கத்திலேயே நின்றார்.

கிளம்பும்போது அக்கா ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவள்.

நவம்பர் 8, சனி

வெயில், புழுக்கம். வாங்க: குடை, து.பருப்பு, அத்தைக்கு பி.பி. மாத்திரை. முருங்கைக்காய் பாதி வாடிவிட்டது. சமைக்க மனசில்லை, தூக்கிப் போடவும் இல்லை.

பெரியவரிடமே (முதலாளி) போய் ஸ்டீமைக் குறைக்கச் சொன்னேன். "என்சைம் வேலை செய்யலன்னா அதை நிறுத்திடும்மா. ஸ்டீமைத் தொடாத." பெல்லட்டை டீலர்கள் பாராட்டினார்களாம், சின்னவர் எல்லோருக்கும் சமோசா வாங்கினார். எனக்கும் ஒன்று. குப்பையில்.

அக்கா போன். "உமி மொத்தமும் வாரிப் போட்டு புதுசு கொட்டிட்டேம்மா. நானும் மருமவளும்தான். கையெல்லாம் கொப்புளம். இப்ப சொட்டு ஈரம் கெடையாது. அப்பவும் எழுந்துக்கல. ஒண்ணு மேல ஒண்ணு மிதிச்சே சாவுது."

"இன்னும் ரெண்டு நாள் பாருங்கக்கா" என்றேன். எதைப் பார்க்க? அந்தக் கொப்புளம் என் வாயில் வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மறுபடி தூறல். கார்த்திகை பிறந்தால் இவர் மாலை போட்டுவிடுவார், அதனால் இந்த ஞாயிறும் கோழி. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஒரே பெருமை: "செம இளசு. எலும்பையே மென்னு சாப்பிடலாம்னாரு கடைக்காரர்."

கழுவும்போது கால் எலும்பை வளைத்துப் பார்த்தேன்.

வளைந்தது.

எந்தப் பண்ணையோ. எங்கள் மூட்டையாகத்தான் இருக்கும். இன்னும் எத்தனை ஷெட்டில் உமியை வாரிக்கொண்டிருக்கிறார்களோ.

குழாயை மூடினேன். கையைக்கூடத் துடைக்காமல் அக்காவுக்குப் போன்.

"அக்கா, உமி இல்ல. எங்க தீவனம்தான். உடனே நிறுத்துங்க. தண்ணில கலக்க ஒரு மருந்து சொல்றேன்."



"அன்னிக்கே தெரியுமா டாக்டர்மா?"

"தெரியும்க்கா."

தீவனத்தட்டையெல்லாம் எடுக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிடுவது கேட்டது. 

"மருந்து பேரு சொல்லுங்க மேடம்."