பேசாத கட்டை

1991 டிசம்பர் 1, ஞாயிறு

இன்னா நோட்டு, சௌக்கியமா கீறியா? நானும் நல்லாத்தான் கீறேன். மழைக்கு முட்டி மட்டும் கொஞ்சம் குடையுது. பொண்ணு ஷாரோன் உன்ன வாங்கியாந்து குடுத்துச்சு. அம்பது வயசு வரைக்கும் கம்பெனி கேட்டுல கைநாட்டு வெச்ச வாச்மேன் நான். ஆறு மாசமா ஒக்கார வெச்சி எழுத்து சொல்லிக் குடுத்துச்சு. பேசற மாதிரியே எழுதுப்பா, கை பழகும்னு சொல்லுது. பேசறதுக்கு நமக்கு இன்னா கஷ்டம்.

எத எழுதறதுன்னு நிமிந்தேன். எதிர்ல தாத்தாவோட ஆர்மோனியப் பொட்டி. சரி, அதுலேந்தே ஆரம்பிக்கறேன்.

தாத்தா பேரு சவரியப்பன். எங்க ஊரு மாதா கோயில்ல பாட்டு அதுதான். சம்பளம்னு ஒண்ணும் கெடையாது. யார் வூட்ல சாவுன்னாலும், கோயில் தெருவோ மாரியம்மன் தெருவோ, பொட்டியத் தலைல வெச்சிகினு கெளம்பிடும். பாடி முடிச்சிட்டு மம்முட்டி எடுத்துகினு குழி வெட்டவும் அதுவே போகும். ரெண்டு தெருவுக்கும் பொதுவா கெணறு எடுத்ததும் அதுதான். அந்தத் தண்ணியில பருப்பு வேகற வேகம் இருக்கே, படப்பைலேந்து பொண்ணு குடுக்க வந்தவங்க கூட மொதல்ல தண்ணியத்தான் குடிச்சிப் பார்ப்பாங்க. அத வுடு. பொட்டிக்கு வரேன்.

பொட்டியில வலப்பக்கம் மேல ஒரு வெள்ளக் கட்டை பேசாது. அமுக்கினா காத்து கூட வராது. அதனால தாத்தா பாட்டெல்லாம் அந்த எடத்துக்குக் கிட்ட போயி, ஏரிக்கரைல மாடு திரும்பற மாதிரி மெதுவா திரும்பி எறங்கிடும். ஊரு ஜனமே அப்படிப் பாடிப் பழகிச்சு. தாம்பரம் கோயில் திருநாளுக்குப் போனா அங்க எல்லாரும் மேல ஏறுவாங்க, எங்க ஆளுங்க மட்டும் கீழ எறங்குவாங்க. திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க. மானம் போவும்.

இந்தக் கிறிஸ்மஸ்க்கு அத ரிப்பேர் பண்ணிடணும்.

டிசம்பர் 4

மழை. கேட்டுல லாரியே இல்ல. ஒக்காந்தபடியே கண்ணு சொக்கிச்சு. தாத்தா கெணத்து மேட்ல ஒக்காந்து வாசிக்குது. சத்தம் வரல. வெரலு மட்டும் தண்ணியில மீன் ஓடற மாதிரி ஓடுது.

டிசம்பர் 8, ஞாயிறு

பொட்டிய பஸ்ல தாம்பரம் கொண்டு போனேன். ரிப்பேர்காரர் பேரு மோகன்ராஜ். வாயில வெத்தல, பேச்சு கம்மி. பலகையத் தூக்கிப் பார்த்துட்டு, ரீடு, அதான் உள்ள சத்தம் குடுக்கற தகடு, ஒடையலய்யா, யாரோ திருகி எடுத்துட்டு ஓட்டைல துணி வெச்சி மெழுகு ஊத்திக் கீறாங்கன்னாரு. அப்பால நிமிந்து என் கழுத்தையே பார்த்தாரு.

"யோவ், உன் கழுத்துல தொங்கறது இன்னாது?"

என் கயித்துல குருசோட கூட ஒரு சின்னப் பித்தளத் தகடு கீது. தாத்தா கழுத்துல இருந்தது. அது செத்தப்போ அம்மா கழட்டி எனக்குக் கட்டுச்சு. ஏதோ புனிதரோட மெடலு, மொகம் தேஞ்சு போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். முப்பது வருசமா தெனம் காலைல முத்தம் குடுக்கறேன்.

"நீ முத்தம் குடுத்தது ரீடுய்யா."

கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானுந்தான். சொரண்டி, ஊதிப் பார்த்து, மாட்டினாரு. அமுக்குன்னாரு.

பேசுச்சு நோட்டு. பச்சக் கொழந்த மாதிரி. பஸ்ல படப்பை வர்ற வரைக்கும் மடியில வெச்சி அந்த ஒரு கட்டையவே அமுக்கிகினு வந்தேன். பக்கத்துல இருந்த அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுச்சு.

ஆனா தாத்தா ஏன் கழட்டுச்சு? கழட்டினா பத்திரமா பரண்ல போடறது தானே. கழுத்துல ஏன்?

டிசம்பர் 11

சாயங்காலம் கோயில்ல பாட்டுப் பழகினோம். கன்னியப்பன் பெரிப்பாவும் வந்துச்சு. அதப் பத்தி உன்கிட்ட சொல்லல, இல்ல? மாரியம்மன் தெரு ஆளு. எம்பது வயசு, நெத்தி நெறைய துன்னூறு. தாத்தாவோட கூட்டாளி. கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு மொத அடிய எடுக்கறது அதுதான். தாத்தா வெச்ச வழக்கம். அது எடுத்துக் குடுத்தாத்தான் எங்களுக்குப் பண்டிகை.

பெரிப்பா எடுத்துச்சு. நான் புதுக் கட்டைய அமுக்கினேன். பொட்டி ஏறுச்சு, பொண்ணுங்க எல்லாம் கூடவே ஏறுச்சுங்க, ஷாரோன் மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். பெரிப்பா கொரலு மட்டும் நடுவுல கிழிஞ்சிடுச்சு. யாரோ களுக்குன்னு சிரிச்சிட்டாங்க. இன்னொரு தபா எடுத்துச்சு. அதே எடத்துல கிழிஞ்சிச்சு.

அதுக்கப்பறம் பாடல. துண்டால தொண்டையத் தொடச்சிகினு கடைசி வரைக்கும் ஒக்காந்து கேட்டுச்சு. போவும்போது, "பொட்டிக்குக் கொரலு வந்துடுச்சுடா, நல்லாகீது"ன்னு மட்டும் சொல்லிட்டு கோல ஊனிகினு போயிடுச்சு.

டிசம்பர் 13

வரல.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசை முடிஞ்சதும் பெரிப்பா வூட்டுக்குப் போனேன். அது சம்சாரம் செல்லம்மா பெரிம்மா வாசல்லயே நிறுத்திச்சு. நாலு நாளா சுக்குத் தண்ணி குடிச்சிட்டு, மாட்டுக் கொட்டாயில தனியா நின்னு பாடிப் பார்க்குதாம். ஏற மாட்டேங்குதாம். "வேற ஆளப் பாத்துக்கங்கப்பா, அதக் கஷ்டப்படுத்தாதீங்க"ன்னுச்சு.

உள்ள போயி ஒக்காந்தேன். பெரிப்பா என்னப் பார்க்காம மேல ஓட்டப் பார்த்துகினே சொல்லுச்சு. கெணறு எடுத்தப்போ நடந்தது. தாத்தா அடியில வெட்டுது, பெரிப்பா மேல கயிறு. மண்ணு சரிஞ்சி தாத்தா மாருக்கு மேல பொதஞ்சிடுச்சு. கயித்த வுட்டா ஆளு உள்ள போயிடும். ஊரே ஏரிக்கு அந்தாண்ட அறுப்புல கீது. நின்ன எடத்துலேந்து கத்த வேண்டியதுதான். உச்சி வெயில்லேந்து மாடு திரும்பற வரைக்கும் கத்திச்சாம். அப்பால மூணு மாசம் பேச்சே வரல. பேச்சு வந்தப்போ, மேல் கொரலு மட்டும் வரல.

இத எனக்கு யாரும் சொன்னதே இல்ல. தாத்தாவும் சொல்லல.

"அதிசயம் கேளு இன்னாசி. என் தொண்ட போன அந்த வருசமே உங்க தாத்தன் பொட்டியிலயும் அந்தக் கட்டை ஊமையாச்சு. எனக்கு எட்டாத அதே எடம். சாமி என்னக் கூட்டத்த வுட்டுத் தள்ளலன்னு நெனச்சிதான் இத்தினி வருசம் பாடினேன். இப்ப அது பேசுது. போதும்னு அர்த்தம்."

வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

டிசம்பர் 16

கேட்டுல நின்னுகினு நாள் முழுக்க அதே நெனப்பு. ஒரு லாரிய எழுதாமயே உள்ள வுட்டுட்டேன், சூப்பர்வைசர்கிட்ட திட்டு.

கட்டைய அமுக்காம வாசிச்சா போதாதா? போதாது. எல்லாரும் கேட்டுட்டாங்க. ஏன் ஏறலன்னு கேப்பாங்க. பெரிப்பாவுக்காகன்னு நான் சொல்லணும். அது காதுல வுழும்.

தாத்தா யாருக்கும் சொல்லாம கழட்டுச்சு. அப்போ நானும்…

வூட்டுக்கு வந்து திருப்புளி எடுத்தேன். மெழுகுவத்தி, என் பழைய வேட்டியில ஒரு கிழிசல். ஷாரோன் கதவாண்ட நின்னு பார்த்துச்சு. "ஏம்பா?"ன்னுச்சு. ரிப்பேர்காரன் வேல சரியில்லம்மான்னேன். கிறிஸ்மஸ் மாசத்துல பொய்யி. மோகன்ராஜ் என்ன மன்னிக்கணும். ஷாரோன் என் கழுத்துக் கயித்த ஒரு தபா பார்த்துட்டு அடுப்பாண்ட போயிடுச்சு.

டிசம்பர் 22, ஞாயிறு

பொட்டி மறுபடி கெட்டுப் போச்சுன்னு ஊரு பூரா பேச்சு. பொண்ணுங்களுக்கு என் மேல கோவம். தாம்பரத்தான் ஏமாத்திட்டான்னு ஒரு கூட்டம், நான் அமுக்கி அமுக்கியே கெடுத்துட்டேன்னு ஒரு கூட்டம்.

சாயங்காலம் கோலு சத்தம் கேட்டுச்சு. பெரிப்பா வந்து பொட்டியத் தட்டிப் பார்த்துட்டு, "இன்னாடா, இதுக்கும் என்னாட்டம் தொண்ட கட்டிக்கிச்சா?"ன்னு கேட்டுட்டு, கேக்காமயே மொத அடிய எடுத்துச்சு. பாட்டு கிட்ட போச்சு, கரையாண்ட திரும்பிச்சு, எறங்குச்சு. பொண்ணுங்களும் மொகத்தத் தூக்கி வெச்சிகினே கூட எறங்குச்சுங்க.

டிசம்பர் 25, காலைல

கறி மசாலா வாசன. புதுத் துணி கஞ்சி போட்டுது, கழுத்த அறுக்குது. கயித்துல குருசும் தகடும் ஒண்ணோட ஒண்ணு ஒரசிகினு கீது. மெடலு இல்லன்னு இப்பத் தெரியும். தெரிஞ்சும் விடியறப்போ முத்தம் குடுத்தேன். ராத்திரி தாத்தா மறுபடி கனவுல வந்துச்சு. இந்தத் தபா சத்தம் கேட்டுச்சு நோட்டு, நல்லாவே கேட்டுச்சு, அது இன்னா பாட்டுன்னா —

வாசல்ல கோலு சத்தம். "இன்னாசி, சாமியார் வந்துட்டாரு, இன்னாடா கிறுக்கிகினு கீற, பொட்டியத் தூக்கு." தோ வரேன் பெரிப்பா. இந்த ஒரு வரி. தாத்தா வாசிச்சது வந்து