ஊசிக்கு அழாத பிள்ளை

செவ்வாய்க்கிழமை, ராயபுரம்.

இன்று எங்கள் வார்டு முழுக்கச் சாக்லேட். காலையில், நேற்றுப் பிறந்த ஒரு பிள்ளையின் குதிகாலில் ரத்தம் எடுக்கக் குத்தினேன். முகத்தை மட்டும் சுளித்தான், அழவில்லை. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் அவன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா சிஸ்டர், ஊசிக்கே அசரல! கடலுக்குப் போறவன் புள்ள!" என்று ஒரு டப்பா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான்.

எனக்கு இனிக்கவில்லை. குத்தினால் பிள்ளை கத்த வேண்டும்.

அவன் டீ குடிக்கப் போனதும் அவன் மனைவியிடம் கேட்டேன்: "மாசமா இருக்கச்சே மாத்திரை எதுனா போட்டியாம்மா?"

சுவரையே பார்த்திருந்தாள். "இடுப்பு வலிக்குன்னு ஆரமிச்சேன் சிஸ்டர். அப்பால உட முடியல. எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா..."

"இப்போ டாக்டருக்குத் தெரிஞ்சா போதும்" என்று கையோடு டாக்டரைக் கூட்டி வந்தேன். மறைக்காமல் சொல்லிவிட்டாள். நல்ல பெண்.

அந்த மாத்திரை மயக்கம்தான் பிள்ளையை அழவிடவில்லை. அம்மா வயிற்றுக்குள் கிடைத்த மருந்து இப்போது நின்றுவிட்டது. இனி உடம்பு நடுங்கும், கீச்சுக் குரலில் விடாமல் அழுவான். அழட்டும். இப்படி வந்த பிள்ளைகளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், இவனையும் அனுப்புவேன். அவன் கட்டில் பக்கத்து விளக்கை அணைத்து, வார்டில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

கிளம்பும்போது அப்பாவிடம், "இன்னிக்கி ராத்திரி ரொம்ப அழுவான். அவளை ஒண்ணும் சொல்லாத. புள்ளயத் தூக்கி உன் வெறும் நெஞ்சுல போட்டுக்க" என்றேன்.

ஏன் என்று கேட்பான் என நினைத்தேன். நின்ற இடத்திலேயே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.