கூரை போட்ட மழைமானி

கோபக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது என்று சொல்ல இதை எழுதவில்லை. பரணில் குடை தேடினேன், வெளியே போகத்தான். அப்போது என் பழைய வரைபடச் சுருள் கையில் சிக்கியது.

கல்யாணமான புதிதில் வானிலை நிலையத்துக்காக நான் வரைந்த மழைமானி நினைவிருக்கிறதா? கட்டடம் வரைந்து பழகிய கை சும்மா இருக்குமா? கருவி நனைந்துவிடக் கூடாதே என்று மேலே சரிவாக ஒரு கூரை போட்டிருந்தேன். பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சார், மழை எந்த வழியா உள்ள வரும்? கதவைத் தட்டிட்டா?" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அதே கைதான் இந்த வீட்டையும் வரைந்தது. நீ கிளம்பிய அன்று காலை நனைந்த தலையணையைத் தூக்கிக் காட்டி, "என்னங்க, என் பக்கம் ஒழுகுது" என்றாய். "அது வேர்வை" என்றேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

போன வாரம் படத்தில் கூரையை மட்டும் அழித்துவிட்டு, அதே பட்டறைக்காரரிடம் மழைமானியைச் செய்து வாங்கினேன். கட்டிலில் உன் பக்கம் வைத்தேன். ஒரே மழைக்குப் பதினான்கு மில்லிமீட்டர். என் பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை.

யாருக்கும் அவ்வளவு வேர்க்காது.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். மூன்று நாளாகக் கட்டிலில் உன் பக்கம்தான் படுக்கிறேன். என் பக்கம் காய்ந்து, காலியாக இருக்கிறது.

தும்மலுடன்,
உன் வீட்டுக்காரன்