லெட்சுமி எடுத்த பால்குடம்

ராகலை
ஞாயித்துக்கெழம

அன்பு மகன் தனுஷனுக்கு அம்மா எழுதிக்கிறது. மாரியம்மா புண்ணியத்துல நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் அந்தக் கத்தார் வெயில்ல ஒடம்பக் கெடுத்துக்காம இருப்பன்னு நம்புறேன். இங்க விடாம மழை, போன்ல ஒரு வார்த்த முழுசா கேக்கல, அதான் மாமா மகன் ஜீவராஜ் லீவு முடிஞ்சு திரும்புறப்ப குடுத்துவிட இத எழுதுறேன். அப்பாவுக்கு இருமல் கொறஞ்சிருச்சு, பீடிய மட்டும் விட மாட்டேங்குறாரு, நீ சொன்னாலாவது கேக்குறாரான்னு பாப்போம்.

மாற்றுத்திறனாளிங்களப் பாத்துக்கிற எங்க ஹோம்ல, வேலைக்கு வர்றவங்களுக்குப் பயிற்சி குடுக்க என்னம்மா இருக்கு, குளிப்பாட்டுறதும் சோறூட்டுறதும் தானேன்னு கேட்டியே. அடப் போடா. அதெல்லாம் கை வேலை, பழகிரும். அவங்களக் கேட்டுட்டுச் செய்யிறதுதான் யாருக்கும் வர மாட்டேங்குது. எங்க ஹோம்ல லெட்சுமின்னு ஒருத்தி, முப்பது தாண்டிருச்சு, புத்தி கொஞ்சம் மெதுவு, எடது காலு இழுக்கும். அவளப் பாத்துக்கிறது வீரம்மா, தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிச்சு ஓஞ்சுபோய் போன வருசம் வந்து சேந்தவ. பாசம்னா அப்படி ஒரு பாசம், லெட்சுமிய ஏதாவது கேட்டா இவதான் பதில் சொல்லுவா. தோட்டத்துத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கணும்னு லெட்சுமி ஆசப்பட்டா. ஒடனே வீரம்மா, நீ உக்காந்து பாரு தாயி, ஒம் பேருல நான் எடுக்குறேன்னு சொல்லி, காப்புக் கட்டப் பேரும் குடுத்துட்டு வந்து பெருமையா நிக்கிறா. நான் விடுவேனா, வகுப்புலயே கேட்டுட்டேன், ஆச அவளோடது, கொடத்த நீ தூக்குனா சாமி யாரப் பாக்கும்னு. வீரம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு, ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவளே போய் லெட்சுமி எடுக்குறதா பேர மாத்திக் குடுத்துட்டு வந்தா.

ஹோம் கமிட்டிக்காரங்க வேற, லெட்சுமி விழுந்து கிழுந்து வச்சா இனி யாரையும் வெளிய கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அத்தன பேரும் வெளிய போறது இவ ஒரு காலுல நின்னுச்சு. ஆனா எனக்கு நம்பிக்க இருந்துச்சு. எப்படி ஒதவணும்னு லெட்சுமியையே கேட்டோம், எடது பக்கம் வீரம்மா வரணும், கொடத்தத் தொடக்கூடாதுன்னா. சின்னக் கொடமா வாங்கி, தண்ணி ஊத்தி, முத்தத்துல தெனமும் நடந்து பழகுனோம். ரெண்டு தடவ தொப்பல்தொப்பலா நனஞ்சா, சிரிச்சுக்கிட்டே மறுபடி ஊத்தச் சொன்னா.

திருவிழா அன்னைக்குக் கோயில் படியில காலு இழுத்துருச்சு, பால் நெத்தியில வழியுது. எனக்கே கை துடிச்சுச்சு, வாங்கிரலாமான்னு. வீரம்மா ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுத்தி வச்சிருக்கா, நீட்டிருவோமோன்னு பயம். லெட்சுமி நின்னா, மூச்சு வாங்குனா, ஏறிட்டா. பூசாரி கொடத்த வாங்கிட்டு வீரம்மாவப் பாத்துத்தான் கேட்டாரு, இந்தப் புள்ளைக்குப் பேரு நச்சத்திரம் என்னம்மான்னு. அவளுக்குத் தெரியாததா. வாயத் தொறந்தா, மூடிக்கிட்டா. அப்புறம், "அவங்க முன்னாலதான நிக்கிறாங்க சாமி, அவங்களையே கேளுங்க"ன்னா. லெட்சுமி கோயிலே கேக்குற மாதிரி சத்தமா சொன்னா. நான் அங்கயே அழுதுட்டேன்டா.

ஜீவராஜ்கிட்ட சம்பலுக்கு மாசிக் கருவாட்டுத் தூளும், கோயில் துன்னூறும் குடுத்திருக்கேன். துன்னூற மறக்காமப் பூசு, அது லெட்சுமி தன் கையால ஒனக்குன்னு மடிச்சுக் குடுத்தது. மாரித்தாயி ஒன்னயக் கண்ணு போலக் காப்பாத்துவா.

ஒன் அம்மா
ஜெயந்தினி