பின்சீட்டு

1942, ஐப்பசி 6. திண்டிவனம்.

பெட்ரோல் கிடைக்கவில்லை, மழையும் பிடித்துக்கொண்டது. பொங்கல் வரை காரைக் கொட்டகையில் நிறுத்திவிடச் சொன்னார் முதலாளி. கட்டை கொடுத்துத் தூக்கினேன். பாட்டரியைக் கழற்றினேன். ரேடியேட்டர் தண்ணீரை வடித்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது விருந்தாளிகள் எதிரில் முதலாளி என்னை அறைந்தார். "டிரைவர் பயலுக்குப் பின்சீட்டு கேக்குதா?" எனக்கு நாற்பத்தாறு வயது.

சாயங்காலம் மல்லாட்டை மூட்டைகள், புது வேர்க்கடலை, வந்து இறங்கின. "கார் பக்கத்துல அடுக்கலாமாடா? எலி கிலி வருமா?" என்றார்.

"தாராளமா அடுக்குங்க. நான் பாத்துக்கினுதானே இருக்கேன்."

எலி நுழையாமலிருக்கக் காரின் இடுக்குகளில் நானே காலையில் திணித்த துணிகளை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இனி பின்சீட்டில் எலிகள் குடும்பத்தோடு உட்காரும். அவற்றை அறையட்டும், பார்க்கிறேன்.