சங்கு ஊதியதும் எழுந்துபோனவர்கள்

என் கமலக்கா,

மாசி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்கால். அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். உன் நாடகம் ஆரம்பித்தது. கடைசிக் காட்சிக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஆள்.

ஸ்ரீரங்கத்துச் சபாக்காரர்கள் நீ நாடகம் எழுதிய நோட்டைப் புரட்டிவிட்டு, "பாட்டு எங்கேப்பா? ராஜா எங்கே? அழறதுக்குக்கூட மனுப் போடற ஊரை எவன் வந்து பார்ப்பான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உறையூரில் காலியாகக் கிடந்த சுருட்டுக் கிடங்கைப் பிடித்தேன். மேடை கிடையாது. சுற்றிலும் கள்ளிப்பெட்டிகளில் ஜனங்கள், நடுவில் நடிகர்கள். புகையிலை நெடியில் எல்லாரும் இருமினார்கள். இருமட்டும், உன் நாடகத்து ஊர் அப்படித்தானே?

உன் வீட்டுக்காரர் நோட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "குடும்பத்துப் பொம்பளை பேரு நோட்டீஸ்ல வரக்கூடாது." சரி என்றேன். 'கடைசிக் காட்சியை வெட்டாமப் போடுடா' என்று கண் மூடுவதற்கு முன் காய்ச்சலில் என் கையைப் பிடித்தாயே, அது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. பேர் போனால் போகிறது என்று நினைத்தேன்.

நீ எழுதியது பேரைப் பிடுங்கிக்கொண்டு எண்ணைக் கொடுக்கிற ஊர். சங்கு ஊதினால் சாப்பாடு, சங்கு ஊதினால் தூக்கம். கடைசிச் சங்குக்கு இருநூற்றுப் பதினாலாம் எண்காரி மட்டும் நகராமல் நின்று தன் பேரைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தானே மற்றதெல்லாம்?

வந்தவர்களில் பாதிக்கு மேல் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்ப்பவர்கள். அங்கே காலையில் எண் போட்ட வில்லையை எடுப்போம், சாயங்காலம் சங்கு ஊதினால் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புவோம். அதே மாதிரி ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்து, கதவோரம் பெட்டியும் வைத்தேன். சங்கையும் நானே செய்தேன். பத்து நாள் அரம் போட்டு, ஒர்க்‌ஷாப் சங்கின் அதே சுருதிக்குக் கொண்டுவந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

கடைசிச் சங்கு ஊதியதும் அவர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும்.

"உட்காருங்கய்யா, இன்னும் முடியல!" என்று கத்தினேன்.

"சங்கு ஊதிடுச்சுல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்று வில்லையைப் போட்டார் கொல்லுப்பட்டறை ராவுத்தர்.

"நகருங்க பாய், ஓவர்டைம் பார்க்கறீங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. டங், டங் என்று பெட்டி நிறைந்தது. கிடங்கு காலி.

ராவுத்தர் மட்டும் தெருவில் நின்று தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் எதுக்கு எந்திரிச்சேன்?"

எழுதும்போதே உனக்கு இது தெரியுமா அக்கா?

உள்ளே அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருநூற்றுப் பதினாலாம் எண்காரியாகப் புடவை கட்டி நடித்த மணி காலிப் பெட்டிகளைப் பார்த்துத் தன் பேரைச் சொன்னான். அம்மா என் பக்கம் திரும்பினாள். "அவ பேரைச் சொல்லிட்டா. இதை எழுதினவ பேரை எவன்டா பிடுங்கினான்?"

நான்தான் அக்கா.

நாலு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இனி இப்படி:

1. சங்கின் சுருதியை மாற்ற மாட்டேன். கதவோரப் பெட்டியை மட்டும் எடுத்துவிடுவேன்.

2. வருகிற ஞாயிறு, அதே கிடங்கு. சங்கு ஊதியதும் ராவுத்தர் கதவை மறித்து நின்று, என்னைக் கேட்ட அதே கேள்வியை எல்லாரையும் கேட்பார். அவரே வந்து சொன்னார்.

3. நாடகத்தைப் பிரதி எடுத்துவிட்டேன். நோட்டை உன் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, வாக்கு மாறிவிட்டேன் என்று நேரில் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

4. நோட்டீஸின் முதல் வரி: எழுதியவர் செங்கமலம்.

உன் பேரைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கக் கிளம்பியிருக்கும்
உன் தம்பி